பாரம் தானா நிக்காது

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா நம்பவா போறீங்க? சோம்பேறித்தனம்னே வச்சுக்குங்க. ஆனா இந்தப் பதிவு மட்டும் ஒரு மாசமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. எழுதி இறக்கி வச்சாத்தான் தூக்கம் வரும் போல.

லாரியில லோடு கட்டுறதைப் பத்தி ஒரு வரலாற்றுப் பதிவு. பொட்டி தட்டுற பயலுக்கு லோடு பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க. படிச்சது மெக்கானிக்கல், கேம்பஸ்ல கிடைச்சது சாஃப்ட்வேர். நம்மாளுங்கள்ல பாதிப்பேர் கதை அதானே :-)

இதுக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு. அதுக்குக் கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும்.

என் தாய்மாமா லாரி டிரைவர். ஊர் சங்ககிரிப் பக்கம். அந்தப் பக்கம் போய்ப் பாத்தவங்களுக்குத் தெரியும், தெருவுக்கு நாலு வீடாவது லாரியை நம்பி இருக்கும். 2008-ல, நான் ஆறாவது படிக்கிறப்போ, மாமா இரும்புப் பைப் ஏத்திக்கிட்டு வந்துட்டிருந்தார். விடிகாலை நேரம். ஒரு ஊரைத் தாண்டினதும் குறுக்கே ஒரு மொபெட் வந்துருச்சு. புருஷன், பொண்டாட்டி, நடுவுல ஒரு குழந்தை.

"மிதிச்சா பைப்பு என் முதுகுக்கு வரும்னு தெரியும் மாப்ள. மிதிக்காட்டி அந்தக் கொழந்த போயிரும்" என்பார் மாமா.

மிதிச்சார். மொபெட்காரங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பைப் எல்லாம் முன்னால சரிஞ்சு, கேபினோட பின்பக்கத்தை ஸ்டியரிங் வரைக்கும் தள்ளிருச்சு. மாமாவோட இடது கால் மாட்டிக்கிச்சு. இன்னிக்கும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார். கிளீனர் பையன் அன்னிக்கு சீட்டுக்குப் பின்னால படுக்காம முன்னால உக்காந்து பேசிட்டு வந்ததால தப்பிச்சான். அவனுக்கு அப்போ 19 வயசு.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். "லோடை ஒழுங்கா கட்டல" அப்படின்னு அந்தப் பையன் மேல பழியைப் போட்டு வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. கயிறு கட்டினது அவன்தானே? மாமாவுக்கோ வேற உறுத்தல். "கொஞ்ச தூரம் வந்ததும் நிறுத்திக் கயித்தைத் தட்டிப் பாக்கணும். அன்னிக்கு நான் பாக்கல." இத்தனை வருஷமா இதே வாக்கியம்தான்.

அப்போ உண்மையிலேயே யார் தப்பு? இந்தக் கேள்வியோட தேட ஆரம்பிச்சேன். அது கப்பல், விமானம்னு எங்கெங்கயோ இழுத்துட்டுப் போயிருச்சு. வாங்க, நீங்களும்.

முதல்ல ஒரு பொய்

"அதெல்லாம் கனமா இருக்கு சார், எங்க போயிடப் போகுது?"

வீடு மாத்துறப்போ பீரோவை ஏத்துற ஆளுங்ககிட்ட இந்த வசனத்தைக் கேட்டிருப்பீங்க. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. பீரோவைத் தள்ளுறது கஷ்டம், அட்டைப்பெட்டியைத் தள்ளுறது ஈசி. அப்போ வண்டி பிரேக் போட்டா அட்டைப்பெட்டிதானே முதல்ல நகரணும்?

இல்லை. பொருளைத் தரையோட பிடிச்சு வச்சிருக்கிறது உராய்வு. கனம் கூடக்கூட உராய்வு கூடும், வாஸ்தவம். ஆனா வண்டி நிக்கிறப்போ அந்தப் பொருளை முன்னால தள்ளுற விசையும் அதே அளவு கூடும். ரெண்டு பக்கமும் கனம் அடிபட்டுப் போயிரும். தரை ஒரே மாதிரி, அடிப்பக்கம் ஒரே மாதிரின்னா, 10 கிலோ பெட்டியும் 10 டன் மிஷினும் ஒரே பிரேக்குக்கு ஒண்ணாத்தான் வழுக்க ஆரம்பிக்கும். வித்தியாசம் என்னன்னா, 10 கிலோ வந்து மோதினா வலிக்கும். 10 டன் மோதினா வலிக்கிறதுக்கு ஆள் இருக்காது.

அளவுக்கு மீறி ஏத்தினா மயிலிறகு வண்டிக்கும் அச்சு முறியும்னு வள்ளுவர் சொல்லி வச்சுட்டார். அது ஏத்துற அளவைப் பத்தினது. ஏத்தின பாரம் நகர்றது வேற ஆபத்து. அளவா ஏத்தின லோடும் நகரும். உலகத்துக்கு இது முதல்ல உறைச்சது ரோட்டுல இல்லை, கடல்ல.

தானியம்ங்கிற தண்ணி

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்தும் கருங்கடல் பக்கத்திலிருந்தும் ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலா தானியம் போச்சு. மூட்டை கட்டினா செலவு, நேரம். அதனால கப்பல் வயித்துல அப்படியே கொட்டிருவாங்க.

வீட்டுல ரவை டப்பாவைத் தலைதட்டி நிரப்பி ரெண்டு தட்டு தட்டுங்க. மேல ஒரு விரற்கடை காலியாயிரும். கப்பல்லயும் அதேதான். துறைமுகத்துல மேல்தளம் வரைக்கும் நிரப்பின கோதுமை, நாலு நாள் அலையில ஆடினதும் அமுங்கி, மேல காலி இடம் விட்டுரும். அடுத்த பெரிய அலைக்குக் கப்பல் சாயுறப்போ தானியம் தண்ணி மாதிரி ஒரு பக்கம் ஓடும். தண்ணியாவது கப்பல் நிமிந்தா திரும்பி வரும். தானியம் அங்கேயே குவிஞ்சு கிடக்கும். கப்பல் நிமிர முடியாது. அடுத்த அலையில இன்னும் கொஞ்சம் சாயும்.

பிரிட்டன்ல சாமுவேல் பிலிம்சால்னு ஒரு எம்.பி. மாலுமிகளோட உயிருக்காகக் கத்திக்கிட்டே இருந்தார். 1873-ல் புத்தகமே எழுதினார். 1876-ல் வந்த சட்டத்தால கப்பலோட பக்கவாட்டுல பாரக்கோடு வந்துச்சு. இன்னிக்கும் அதுக்கு 'பிலிம்சால் கோடு'ன்னுதான் பேர். அது எவ்வளவு ஏத்தலாம்ங்கிறதுக்கு. ஏத்தினது நகரக்கூடாதுங்கிறதுக்குத் தனியா 1880-ல் தானியக் கப்பல்களுக்குன்னே ஒரு சட்டம் போட்டாங்க. கப்பல் வயித்துக்குள்ள நீளவாக்குல பலகைத் தடுப்பு வைக்கணும். ஒரு பக்கத்துத் தானியம் இன்னொரு பக்கம் ஓடாது. எவ்வளவு எளிமையான விஷயம் பாருங்க, ஒரு பலகை!

சட்டம் வந்து 77 வருஷம் கழிச்சும் பாடம் முடியல. ஜெர்மனியோட 'பாமிர்', 1905-ல் கட்டின நாலு பாய்மரக் கப்பல். கடல் வேலைக்குப் படிக்கிற பசங்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கிட்டே சரக்கும் ஏத்திட்டுப் போகும். 1957-ல் புவனோஸ் அயர்ஸிலிருந்து 3,700 டன்னுக்கு மேல பார்லியோட கிளம்புச்சு. பெரும்பகுதி கொட்டின தானியம். மேல கொஞ்சம்தான் மூட்டை. துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த நேரம்ங்கிறதால, அந்த வேலையில பழக்கமில்லாத கைகள் ஏத்தின சரக்கு. கொட்டின பார்லி வழுவழுன்னு ஓடும்.

செப்டம்பர் 21, அசோர்ஸ் தீவுகளுக்கு மேற்கே 'கேரி' புயல்ல மாட்டிக்கிச்சு. கப்பல் சாஞ்சுது, நிமிரவே இல்லை. இருந்தது 86 பேர், பாதிக்கு மேல பயிற்சிப் பசங்க. பிழைச்சது 6 பேர். லூபெக் நகரத்துல நடந்த விசாரணை, பார்லி நகர்ந்ததை முக்கியக் காரணங்கள்ல ஒண்ணா சொல்லுச்சு.

பழக்கமில்லாத கைகள்னு சொன்னேன்ல, அதை ஞாபகம் வச்சுக்குங்க. திரும்பத் திரும்ப வரும்.

ஒரு லாரி முதலாளியும் ஒரு கால் திருப்பும்

பாமிர் மூழ்கினதுக்கு முந்தின வருஷம், 1956 ஏப்ரல் 26. அமெரிக்காவுல நெவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல்-எக்ஸ்' என்கிற பழைய எண்ணெய்க் கப்பல் கிளம்புச்சு. மேல்தளத்துல 58 இரும்புப் பெட்டிகள். ஏத்தி அனுப்பினவர் மால்கம் மெக்லீன். இவர் கப்பல்காரர் இல்லை, வட கரோலினாக்காரர், லாரி ஓட்டி மேல வந்தவர். மூட்டை மூட்டையா, பெட்டி பெட்டியா இறக்கி ஏத்துறதுக்குப் பதிலா லாரியோட பெட்டியையே அலேக்கா தூக்கிக் கப்பல்ல வச்சா என்னன்னு யோசிச்சார். ஒரு டன் ஏத்த 6 டாலருக்குக் கொஞ்சம் கம்மியா ஆன செலவு, அந்தக் கப்பல்ல 16 சென்ட் அளவுக்கு இறங்கிருச்சு.

மெக்லீன் பேர் நிறைய பேருக்குத் தெரியும். எனக்குப் பிடிச்ச ஹீரோ அவரோட இன்ஜினியர் கீத் டான்ட்லிங்கர். (நம்ம ஜாதி! இன்ஜினியர் ஜாதியைச் சொன்னேங்க.) பெட்டி மேல பெட்டி அடுக்கிக் கடல்ல போகணும். அலையில ஆடுறப்போ எது பிடிச்சு வைக்கும்? கயிறும் சங்கிலியும் வச்சு ஒவ்வொண்ணாக் கட்டினா மிச்சம் பண்ணின நேரமெல்லாம் போயிரும்.

டான்ட்லிங்கர் பெட்டியோட எட்டு மூலையிலயும் நீள்வட்ட ஓட்டை போட்ட வார்ப்பு எஃகுக் கட்டிகளை வச்சார். அந்த ஓட்டைக்குள்ள கூம்புத் தலை வச்ச ஒரு பூட்டு நுழையும். நுழைஞ்சதும் கால் சுத்து திருப்பினா தலை குறுக்கே நின்னுக்கும், வெளிய வராது. அவ்வளவுதான். 'ட்விஸ்ட்லாக்'னு பேர். கண்டெய்னர் லாரி உங்களை ஓவர்டேக் பண்றப்போ அடி மூலையைப் பாருங்க, இருக்கும். கிரேன் தூக்குறதும் அதே மூலையைப் பிடிச்சுத்தான்.

1963-ல் மெக்லீனோட கம்பெனி இந்த வடிவமைப்போட காப்புரிமையை உலகத் தர அமைப்புக்குக் காசு வாங்காம விட்டுக் கொடுத்துச்சு. ஓப்பன் சோர்ஸ், அதுவும் அந்தக் காலத்துல! அதனாலதான் சென்னையில ஏத்தின பெட்டியை ராட்டர்டாம்ல இறக்க முடியுது.

பெட்டியைப் பூட்டியாச்சு, பிரச்சினை தீர்ந்துச்சான்னா, இங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. தீரலை, உள்ள போயிருச்சு. முன்னாடி கப்பல் வயித்துல சரக்கை அடுக்கினவன் அந்தக் கடலையும் கப்பலையும் தெரிஞ்ச துறைமுகத் தொழிலாளி. இப்போ அடுக்குறவன் கடலே பாக்காத ஏதோ ஒரு ஊர்க் குடோன்ல இருக்கிற ஆள். கதவைச் சாத்தி சீல் வச்சதும், உள்ள எப்படி இருக்குன்னு கப்பல் கேப்டனுக்கும் தெரியாது, லாரி டிரைவருக்கும் தெரியாது. பெட்டிக்குள்ள சரக்கை எப்படி அடுக்கணும், எப்படி முட்டுக் கொடுக்கணும்னு ஐ.நா.வோட மூணு அமைப்புகள் சேர்ந்து ஒரு விரிவான கையேடு கொண்டு வந்தது 2014-ல். ஐடியல்-எக்ஸ் கிளம்பி 58 வருஷம் கழிச்சு!

முடிச்சும் கணக்கும்

சரி, நம்ம லாரிக்கு வருவோம். லோடு கட்டுறவங்க போடுற முடிச்சைப் பாத்திருக்கீங்களா? கயித்து நடுவுல ஒரு கண்ணி போட்டு, நுனியைக் கீழ கொக்கியில மாட்டி, திரும்ப அந்தக் கண்ணி வழியா இழுத்து, தொங்கி ஒரு உதை. கப்பி போட்டு இழுக்கிற மாதிரி, இழுத்ததைவிட அதிகமா இறுகும். இங்கிலீஷ்காரங்க இதை வண்டிக்காரன் முடிச்சுன்னும் லாரிக்காரன் முடிச்சுன்னும் சொல்றாங்க. குதிரை வண்டிக் காலத்து வித்தை அப்படியே லாரிக்கு வந்துருச்சு. மாமா இதை ரெண்டே செகண்டுல போடுவார். எனக்கு இன்னும் வரல.

கயித்துக்கு அடுத்து பட்டை வந்துச்சு. 1941-ல் இங்கிலாந்துல வின்ஃபீல்ட், டிக்சன்னு ரெண்டு பேர் பாலியெஸ்டர் நூலைக் கண்டுபிடிச்சாங்க. வியாபாரப் பேர் டெரிலீன். நம்ம அப்பாக்கள் தீபாவளிக்குத் தச்சுப் போட்ட டெரிகாட்டன் சட்டையில பாதி அதுதான். அதே நூலைப் பட்டையா நெஞ்சு, ஒரு பல்சக்கரப் பிடியைச் சேர்த்தாங்க. பிடியை ஆட்ட ஆட்ட இறுகும், பின்னால நழுவாது. நனைஞ்சாலும் அவ்வளவா நீளாது. முக்கியமா, இது எவ்வளவு தாங்கும்னு பட்டையிலயே லேபிள் ஒட்டியிருக்கும். கயித்துக்கு லேபிள் ஏது?

அந்த எண் இருந்ததால சட்டமும் எண்ல பேச ஆரம்பிச்சுது. பிரிட்டனோட வழிகாட்டு நெறி சொல்றது இதுதான்: லோடை முன்னால போகாம பிடிக்கிற ஏற்பாடு அதோட முழு எடையையும் தாங்கணும், பக்கவாட்டுலயும் பின்னாலயும் பாதி எடையைத் தாங்கணும். அமெரிக்காவும் கனடாவும் 1990-கள்ல சேர்ந்து சோதனை பண்ணிப் பாத்துப் புது விதி எழுதினாங்க. அமெரிக்காவுல 2002-ல் வெளியாகி 2004 ஜனவரியிலிருந்து நடைமுறை. முன்னால 0.8 ஜி, பக்கத்துலயும் பின்னாலயும் 0.5 ஜி தாங்கணும். ஜி-ன்னா புவியீர்ப்பு முடுக்கம். அதாவது, 10 டன் லோடுன்னா முன்னால 8 டன் விசைக்கு நிக்கணும்.

அதே சட்டத்துல இன்னொரு வரி இருக்கு. கிளம்பி முதல் 50 மைலுக்குள்ள டிரைவர் நிறுத்தி லோடைப் பாக்கணும். அதுக்கப்புறம் 3 மணி நேரம் அல்லது 150 மைல், எது முதல்ல வருதோ அப்போ. இதைப் படிச்சப்போ எனக்கு மாமா குரல்தான் கேட்டுச்சு. "கொஞ்ச தூரம் வந்ததும் நிறுத்திக் கயித்தைத் தட்டிப் பாக்கணும்."

அப்போ மாமா தப்புத்தானா?

நிறுத்திப் பாத்தவங்க கதை

2013 ஏப்ரல் 29. ஆப்கானிஸ்தான், பக்ராம் விமானதளம். நேஷனல் ஏர்லைன்ஸோட போயிங் 747 சரக்கு விமானம். உள்ள அஞ்சு ராணுவக் கவச வண்டிகள். ரெண்டு சின்னது, ஒவ்வொண்ணும் 12 டன். மூணு பெருசு, ஒவ்வொண்ணும் 18 டன். கட்டினது பட்டையாலதான். சின்ன வண்டிக்கு 24 பட்டை, பெரிய வண்டிக்கு 26 பட்டை. கணக்கு பாக்காதவனுக்கு, "இத்தனை பட்டையா, அசையவே அசையாது" அப்படின்னுதான் தோணும்.

முந்தின தளத்திலிருந்து பக்ராமுக்கு வந்தப்பவே ஒரு பட்டை அறுந்திருந்தது. ஊழியர்கள் அதைப் பாத்தாங்க, பேசிக்கிட்டாங்க. அவங்க பேச்சு விமானி அறை ஒலிப்பதிவுல இருக்கு. அதாவது நிறுத்திப் பாத்தாங்க. இறுக்கிட்டு, துபாய்க்குக் கிளம்பினாங்க.

மேல எழும்புறப்போ ஒரு வண்டியாவது பின்னால நகர்ந்துச்சு. பின்சுவரை உடைச்சு, ஹைட்ராலிக் குழாய்களையும், வால் இறக்கையை அசைக்கிற கருவியையும் சிதைச்சுது. அப்புறம் விமானி என்ன பண்ணாலும் மூக்கு இறங்கல. வேகம் போய், தரையில வந்து விழுந்துச்சு. 7 பேர். யாரும் பிழைக்கல.

அமெரிக்க விசாரணை அமைப்போட அறிக்கையைப் படிச்சா முதுகு சில்லுனு ஆகும். பட்டை எந்தக் கோணத்துல போகுதுங்கிறதைப் பொறுத்துத்தான் அது எவ்வளவு பிடிக்கும்ங்கிறது. லேபிள்ல இருக்கிற எண் நேரா இழுத்தா கிடைக்கிறது. சாய்வா இழுத்தா, நமக்கு வேண்டிய திசையில அதுல ஒரு பகுதிதான் கிடைக்கும். அந்தக் கம்பெனியோட கையேட்டுல இந்தக் கணக்கே சரியா இல்லை. விமானம் தயாரிச்சவங்களும் சரக்குத் தளம் தயாரிச்சவங்களும் கொடுத்த முக்கியமான தகவல்கள் அதுல விடுபட்டிருந்துச்சு. ஒழுங்காக் கணக்குப் போட்டா அந்த விமானத்துல அந்தப் பெரிய வண்டி ஒண்ணுக்கு மேல ஏத்தியே இருக்க முடியாது. மூணு ஏத்தியிருந்தாங்க.

கட்டினவங்க சோம்பேறிகள் இல்லை. இருந்த கையேடுபடி கட்டினாங்க, நிறுத்திப் பாத்தாங்க, இறுக்கினாங்க. ஆனா அவங்க கைக்குச் சரியான கணக்கு போய்ச் சேரல.

அடுத்த வருஷமே, 2014 ஏப்ரல் 16, தென்கொரியாவுல 'செவோல்' கப்பல். 476 பேர். அனுமதிச்ச அளவுக்குச் சுமார் ரெண்டு மடங்கு சரக்கு. அதுவும் ஒழுங்காக் கட்டாத சரக்கு. கப்பல் திரும்பினப்போ சாஞ்சுது. சரக்கு சரிஞ்சு ஒரு பக்கம் போச்சு. 304 பேர் செத்துப் போனாங்க, அதுல 250 பேர் சுற்றுலா கிளம்பின பள்ளிக்கூடப் பசங்க. சரக்கைப் பூட்டாம விட்டதும் அந்தச் சாவுக்கு முக்கியக் காரணம்னு விசாரணையில வந்துச்சு. டான்ட்லிங்கரோட பூட்டு வந்து அரை நூற்றாண்டுக்கு மேல ஆகியும் இந்த நிலைமை. பூட்டு இருந்தா போதாது, திருப்பணும்.

காலண்டர் தாள் கணக்கு

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். மாமா திண்ணையில உக்காந்திருந்தார். தினசரிக் காலண்டர் தாள் ஒண்ணைக் கிழிச்சு, பின்பக்கம் கணக்குப் போட்டேன்.

"மாமா, அன்னிக்கு எத்தனை டன்?"

"12."

"எத்தனை கயிறு மேல?"

"ஆறு."

புது லாரி நல்லா மிதிச்சா 0.8 ஜி வரும். மாமாவோடது பழைய வண்டி, 0.5-ன்னு வச்சேன். எண்ணெய் பூசின பைப், இரும்புத் தரை. உராய்வு தாராளமா 0.2. மிச்சம் 0.3-ஐக் கயிறுதான் பிடிக்கணும். 12 டன்னுக்கு அது 3,600 கிலோ.

இப்போ கயிறு. மேல குறுக்கே போடுற கயிறு லோடைப் பின்னால இழுக்கிறது இல்லை. கீழ அமுக்குது, அவ்வளவுதான். அமுக்கினா உராய்வு கொஞ்சம் கூடும். ஒரு ஆள் தொங்கி இழுத்து, அந்த முடிச்சோட 150 கிலோ இறுக்கம் கொண்டு வரான்னு வச்சுக்குவோம். ரெண்டு பக்கமும் சேர்த்து 300 கிலோ அமுக்கம். 0.2-ஆல பெருக்கினா ஒரு கயித்துக்கு 60 கிலோ. ஆறு கயித்துக்கு 360.

வேண்டியது 3,600. இருந்தது 360. பத்துல ஒரு பங்கு.

இன்னொண்ணும் கேட்டேன். பைப்புக்கும் முன்தடுப்புக்கும் இடைவெளி இருந்துச்சா? ஒண்ணரை அடி இருந்துச்சாம். ஏத்தின குடோன்ல அப்படித்தான் வைக்கச் சொன்னாங்களாம். அந்த ஒண்ணரை அடியில 12 டன்னும் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம் எடுத்துரும். நாம நடக்கிற வேகம்தான். ஆனா 12 டன் நடந்து வந்து கேபின் முதுகுல மோதினா? நல்ல உறுதியான முன்தடுப்பு வச்சு, இடைவெளியே விடாம முட்டக் கொடுத்து ஏத்தியிருந்தா, அந்த விசையைத் தடுப்பு வாங்கியிருக்கும். கட்டுறதுக்கு முன்னாடி முட்டுக் கொடுக்கணும். 1880-ல கப்பல்ல வச்ச பலகை மாதிரி.

மாமா தாளை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தார்.

"அப்போ நான் நிறுத்திப் பாத்திருந்தாலும்?"

"கயிறு டைட்டாத்தான் இருந்திருக்கும் மாமா. பைப்பு வந்திருக்கும்."

"அந்தப் பையன் இன்னும் இறுக்கிக் கட்டியிருந்தா?"

"அவன் ரெண்டு மடங்கு இறுக்கியிருந்தாக்கூட பத்துல ரெண்டு பங்கு."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நாளைக்கு என்னைய வண்டியில திருச்செங்கோடு கூட்டிட்டுப் போ மாப்ள" என்றார்.

அந்தக் கிளீனர் இப்போ அங்க பஞ்சர் கடை வச்சிருக்கார். லாரிப் பக்கம் அப்புறம் போகவே இல்லையாம். மாமா காலண்டர் தாளை எடுத்து அவர்கிட்ட நீட்டினார். நான் கணக்கைத் திரும்ப ஒரு தடவை சொன்னேன். "இப்ப எதுக்குண்ணே இதெல்லாம், விடுங்க" அப்படின்னார். டீ வரவழைச்சார். வேற ஏதேதோ பேசினோம். கிளம்புறப்போதான் பாத்தேன், தாளை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சிருந்தார்.

இதுதான் மக்களே நான் சொல்ல வந்தது. ஏத்துற இடத்துல இடைவெளி விடச் சொன்னவன் ஒருத்தன், முன்தடுப்பு பலமா இல்லாத வண்டியை அனுப்பினவன் ஒருத்தன், ஆறு கயிறு போதும்னு முடிவு பண்ணினவன் ஒருத்தன். பழி மட்டும் கடைசியா முடிச்சுப் போட்ட கைக்கு. நான் படிச்ச அத்தனை கதையிலயும் விசாரணை மேல மேல போகப் போகத்தான் நிஜக் காரணம் கிடைச்சுது. நம்ம ரோட்டுல நடக்கிறதுக்கு யார் அவ்வளவு தூரம் போறாங்க?

கடைசியா ஒரு வேண்டுகோள். பைக்லயோ கார்லயோ போறப்போ கம்பி, பைப், இரும்புச் சுருள் ஏத்தின லாரிக்கு முன்னால சடார்னு குறுக்கே விட்டு பிரேக் போடாதீங்க. அவர் பிரேக் போடாம ஹாரனையே அடிச்சா திமிருன்னு நினைக்காதீங்க. பின்னால என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியும்.

டிஸ்கி: அந்த முடிச்சை இந்தத் தடவையும் மாமா கத்துக் கொடுத்தார். இன்னும் வரல :-(